'முழுப் பலத்தோடும்' என்று சொன்ன பையன் என்ன தப்புச் செய்தான்?

எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். இன்று காலை அதே வீடியோ நான்காவது குழுவிலிருந்தும் வந்து விழுந்தது, சிரிக்கும் பொம்மைகள் ஒட்டி. இதற்கு மேல் முடியவில்லை.

எந்த வீடியோ என்று விளக்கத் தேவையில்லை, பார்த்திருப்பீர்கள். சபையில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் (ஞாயிறு பள்ளி) ஆண்டு விழா. மனப்பாட வசனப் போட்டி, கொடுத்த வசனம் வேதாகமத்தின் மத்தேயு 22:37: 'உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழு மனதோடும் அன்புகூருவாயாக'. ஏழு வயதுப் பையன். "முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும்" வரைக்கும் தங்குதடையில்லாமல் வந்தான். அடுத்து "முழுப் பலத்தோடும்" என்றான். நடுவர் மேசையிலிருந்து "தப்பு" என்று ஒரு குரல். பையன் வாயைத் திறந்தபடி நின்றான். கூடம் சிரித்தது. ஒரு அக்கா வந்து மைக்கைப் பிடுங்கி, அவன் தோளைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். பின்னால் பேனரில் கொட்டை எழுத்தில் என்ன இருந்தது என்று கவனித்தீர்களா? 'அன்பு'.

முதலில் ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம்தான், ஆனால் நடுவர் மேசையில் உட்காருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பையன் சொன்னது தப்பே இல்லை. மத்தேயு 22:37-இல் இருதயம், ஆத்துமா, மனது என்று மூன்று. உபாகமம் 6:5-லும் மூன்றுதான், ஆனால் அங்கே இருதயம், ஆத்துமா, பலம். மாற்கு 12:30-இல் நான்கும் உண்டு. லூக்கா 10:27-லும் நான்கு, வரிசை வேறு. இயேசு சொன்னதே உபாகமத்திலிருந்து எடுத்துத்தான். மோசே எழுதிய வார்த்தையைச் சொன்ன பிள்ளையை "தப்பு" என்று மேடையிலிருந்து இறக்கியிருக்கிறோம்.

"போட்டிக்குக் கொடுத்தது மத்தேயுதானே, விதி விதிதானே" என்று கேட்பீர்கள். சரி, மதிப்பெண்ணைக் குறையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கூடம் ஏன் சிரித்தது? அந்த 'தப்பு' ஏன் மைக்கில் வந்தது? தாளில் பென்சிலால் ஒரு சுழி போட்டால் போதாதா? நான் கேட்பது மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. அன்பைப் பற்றிப் பாடம் நடக்கிற இடத்தில் முதலில் அன்பு நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அங்கே நடப்பது பாடமே இல்லை, ஒப்பித்தல்.

அந்த வசனத்தில் பிள்ளைகள் ஏன் சரியாக அந்த இடத்திலேயே தடுக்கி விழுகிறார்கள் என்று யோசித்திருக்கிறோமா? மூன்று துண்டும் 'உன் முழு' என்று ஒரே மாதிரி தொடங்கி 'ஓடும்' என்று ஒரே மாதிரி முடிகின்றன. நடுவில் ஒரு சொல்தான் மாறுகிறது. நாக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் என்ன செய்யும்? போதாததற்கு வினைச்சொல் கடைசியில் இருக்கிறது. 'அன்புகூருவாயாக' என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

அதனால் இதை முன்னாலிருந்து சொல்லிக்கொடுக்கவே கூடாது. வாலிலிருந்து வாருங்கள். முதலில் 'அன்புகூருவாயாக' மட்டும், நாலைந்து தடவை. பிறகு 'முழு மனதோடும் அன்புகூருவாயாக'. பிறகு 'முழு ஆத்துமாவோடும், முழு மனதோடும் அன்புகூருவாயாக'. இப்படி முன்னால் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால், பிள்ளை தெரியாத இடத்தில் தொடங்கித் தெரிந்த இடத்தில் முடிக்கும். பயம் குறைந்துகொண்டே வரும். முன்னாலிருந்து போனால் நேர்மாறு: தெரிந்ததில் தொடங்கி இருட்டில் முடியும். மூன்று துண்டுக்கும் மூன்று கை அசைவு வைத்துவிடுங்கள். இருதயத்துக்கு நெஞ்சில் கை, ஆத்துமாவுக்கு இரண்டு கையும் மேலே, மனதுக்கு நெற்றியில் விரல். நாக்கு மறந்தாலும் கை மறக்காது. அப்புறம் பலகையில் முழு வசனத்தையும் எழுதி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொல்லை அழியுங்கள். எந்தச் சொல் என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். மொத்தம் பத்து நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் ஆறேழு வயது வகுப்பு கையை விட்டுப் போய்விடும்.

இன்னொன்று. எல்லோரும் சேர்ந்து கத்திச் சொல்வதை வைத்து "வகுப்புக்கே தெரியும்" என்று நம்பிவிடாதீர்கள். கூட்டத்தில் நான்கு பேர் சொல்வார்கள், மற்றவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஒருவருக்கொருவர் சொல்லவிடுங்கள். யாருக்குத் தெரியவில்லை என்பது டீச்சருக்குத் தெரிய வேண்டும், கூடத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

அர்த்தம்? அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அடுத்து வரும் 'உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக' என்ற வசனத்தில் 'பிறன்' என்றால் யார் என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாராவது 'பிறன்' என்று பேசுகிறார்களா? 'அன்புகூருவாயாக' என்று எந்த அம்மா பிள்ளையிடம் சொல்கிறார்? பழைய சொல் அழகாகத்தான் இருக்கிறது, அப்படியே படிக்கட்டும். ஆனால் படித்த பிறகு "இதை உன் தம்பிக்கு எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் அவன் கற்றது.

"போட்டி வைக்காவிட்டால் எந்தப் பிள்ளை வசனம் படிக்கும்?" இதையும் கேட்பீர்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பரிசுக்காகப் படித்த வசனம் நாற்பது வயதில் கைகொடுத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு, பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வையுங்கள். ஆனால் மேடைக்குக் கீழே, பிள்ளையின் கண்ணுக்கு நேராக, அவனுக்குப் பழகின டீச்சர் நிற்கட்டும். தடுக்கினால் முழுச் சொல்லையும் எடுத்துக்கொடுக்காமல் முதல் எழுத்தை மட்டும் உதட்டில் காட்டட்டும். 'ம' என்றால் 'மனதோடும்' தானாக வரும். வரவில்லையா, கூடம் முழுவதும் சேர்ந்து அந்த வரியைச் சொல்லட்டும், பையன் அதோடு சேர்ந்து முடித்துவிட்டு இறங்கட்டும். பத்து விநாடி. பத்து விநாடி அன்பு கேட்டேன், அவ்வளவுதான்.

"நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் படித்தோம்" என்கிற அண்ணன்மாருக்குப் பதில் எழுத எனக்கு நேரம் இல்லை.

நல்ல சமாரியன் கதைக்கு வருகிறேன். 'எனக்குப் பிறன் யார்?' என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு (வேதச் சட்டம் படித்தவன்) இயேசு லூக்கா 10-இல் சொன்ன கதை: கள்ளர் அடித்துப் போட்டவனை ஆசாரியனும் லேவியனும் (ஆலய ஊழியர்கள்) பார்த்தும் விலகிப் போனார்கள், சமாரியன் ஒருவன் நின்று உதவினான். இந்தப் பாடத்தைப் போல நாம் கெடுத்துவைத்திருக்கும் பாடம் வேறு இல்லை. நாடகம் போடுவோம். எல்லாப் பிள்ளைக்கும் கள்ளன் வேஷம் வேண்டும், அதற்குச் சண்டை. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குச் சமாரியன். பேச வராத பிள்ளைக்கு அடிபட்டவன், படுத்துக்கிடந்தால் போதுமே. முடிந்ததும் "ஆகவே பிள்ளைகளே, நாமும் உதவி செய்ய வேண்டும்", ஜெபம், கலைந்துபோவோம்.

அந்தக் கதையில் இருப்பது அது மட்டுமா? யூதர் சமாரியரோடு சம்பந்தம் கலவாதவர்கள் என்று யோவான் 4:9 சொல்கிறது. லூக்காவிலேயே ஒரு அதிகாரம் முன்னால் பாருங்கள். சமாரியருடைய கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை என்றதும், வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லலாமா என்று சீஷர் இரண்டு பேர் கேட்கிறார்கள். அந்தச் சூட்டில்தான் இந்தக் கதை வருகிறது. முடிவில் மூன்று பேரில் எவன் பிறன் என்று இயேசு கேட்கும்போது, நியாயசாஸ்திரிக்குச் 'சமாரியன்' என்ற சொல் வாயில் வரவில்லை. "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்று சுற்றி வளைக்கிறான். பத்து வயதுப் பிள்ளைகளிடம் இதைக் காட்டி "ஏன் பேரைச் சொல்லவில்லை?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகும். தங்களுக்கும் வாயில் வராத பேர் ஒன்று எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம், பாறையும் வனாந்தரமும். கள்ளர் பதுங்க இடமா இல்லை? சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம் இரண்டு நாள் கூலி, மத்தேயு 20:2-இல் கணக்கு இருக்கிறது. காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், தான் நடந்திருப்பான், இரவு முழுவதும் பராமரித்தான், மறுநாள் பணம் கொடுத்தான், திரும்பி வருவேன் என்றான். அன்பு என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கி எண்ணலாம். ஆறு வயதுக்கு இந்த எண்ணிக்கை போதும். சமாரியர் பகையெல்லாம் ஒன்பது வயதுக்கு மேல்.

ஒரு வகுப்பில் வேஷத்தை மாற்றிப் பார்த்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து அடிபட்டவனாகப் படுக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு. டீச்சர் மட்டும் ஆசாரியனாகவும் லேவியனாகவும் நடந்து போவார். எழுந்ததும் ஒரே கேள்வி: என்ன கேட்டது? எப்போதும் வாயே திறக்காத சிறுமி ஒருத்தி சொன்னாள்: "கால் சத்தம் கிட்ட வந்துச்சு மிஸ். நின்னுச்சு. அப்புறம் போயிடுச்சு." அந்த 'நின்னுச்சு'வை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லிக்கொடுக்காது. அன்றைக்கு யாரும் கள்ளன் வேஷம் கேட்கவில்லை.

மேடையில் நின்ற பையனுக்கும் கேட்டிருக்கும். ஒரு காலடி வந்தது, மைக்கை எடுத்தது, போனது.

இரண்டாம் கற்பனை, அதாவது பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லும் கட்டளை, எங்கிருந்து வந்தது என்றாவது பாருங்கள். லேவியராகமம் 19:18. அதற்கு மேலே 9-ஆம் வசனத்திலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள். அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு. கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே. கோள் சொல்லாதே. செவிடனைத் திட்டாதே, குருடனுக்கு முன்னால் தடுக்கலை வைக்காதே. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பத்து வசனத்தையும் கொடுத்து, "இதில் எது போன வாரம் உன் பள்ளிக்கூடத்தில் நடந்தது?" என்று கேட்டால் முக்கால் மணி நேரம் போதாது. செவிடனுக்கு ஏன் அப்படி ஒரு சட்டம்? திட்டினால் அவன் காதில் விழாது, பதில் சொல்ல மாட்டான், அதனால். பதில் சொல்ல முடியாதவனைப் பார்த்துச் சிரிக்காதே. மூவாயிரம் வருஷம் பழைய சட்டம் நம் வாட்ஸாப் குழுவுக்கு எழுதியது மாதிரியே இருக்கிறது, இல்லையா?

தேவனிடத்தில் அன்பு என்ற பாதியிலும் இதே கோளாறுதான். "நீ இப்படிச் செய்தால் இயேசப்பாவுக்குப் பிடிக்காது" என்று வாரம் ஒருமுறை சொல்லி வளர்த்தால், பிள்ளைக்கு வருவது பயம். 1 யோவான் 4:19 வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது: அவர் முந்தி, நாம் பிந்தி. முதலில் 'உன்னை நேசிக்கிறார்', அதற்கு அப்புறம்தான் 'நீயும் நேசி'. நம் வகுப்புகள் முதல் பாதியைப் பாட்டோடு முடித்துவிட்டு இரண்டாம் பாதியை வருஷம் முழுவதும் நடத்துகின்றன. 'உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல' என்று ஒரு அளவுகோல் வேறு பிறனைப் பற்றிய வசனத்தில் இருக்கிறது. மேடையில் கூனிக்குறுகி நின்ற பிள்ளையின் கையில் எந்த அளவுகோலைக் கொடுத்து அனுப்பினோம்?

"சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்களைக் குறை சொல்லாதே." இது சரியான பேச்சு, இதற்கு நான் தலைகுனிகிறேன். அந்த அக்காவையும் நான் திட்ட வரவில்லை. அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? "நீ சும்மாதானே இருக்கிறாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்று சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணிச் சொல்லியிருப்பார்கள். மூன்று வயதும் பதினோரு வயதும் ஒரே அறையில். அறை என்றால், உடைந்த நாற்காலி போட்டுவைக்கும் இடம். ஒலிபெருக்கிக்கும் திரைக்கும் கமிட்டி கூடிப் பேசும், பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் வாங்க டீச்சர் தன் கைக்காசைப் போட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஆண்டு விழா வந்தால் மட்டும் எல்லோரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து சிரிப்பார்கள்.

இது இப்படித் தொடங்கவில்லை. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளியை ஆரம்பித்தது, வாரம் முழுவதும் வேலைக்குப் போய் ஞாயிறு மட்டும் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக. எழுத்தே தெரியாத பிள்ளைகள். யாரும் உட்காரவைத்துப் பேசாத பிள்ளைகள். அங்கிருந்து நாம் வந்து நிற்கும் இடம், ஒரு சொல் மாறியதற்குச் சிரிக்கும் கூடம்.

"சபை விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா?" என்று உள்பெட்டியில் ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வீடியோவைப் பொதுவில் போட்டது நானா? மற்றவர்களைத் தீர்ப்பிடாதே என்கிற மத்தேயு 7:1-ஐ எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் இருப்பீர்கள், வாருங்கள், முதலில் உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை எடு என்கிற ஐந்தாம் வசனம் வரை படித்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீஷர்களைப் பார்த்து இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு 10:14-இல் இருக்கிறது. அதட்டப்பட்டவர்கள் பக்கம்தான் நின்றார். நான் எழுதியது அதைவிடக் கடுமையாகவா இருக்கிறது?

அந்தக் குழுக்களில் இருக்கிற யாராவது இதைப் படித்தால், வீடியோவை அழித்துவிடுங்கள், அனுப்பியவரையும் அழிக்கச் சொல்லுங்கள். நடுவர்கள் மதிப்பெண் தாளை எடுத்து, பக்கத்தில் உபாகமம் 6:5-ஐத் திறந்துவைத்து ஒருமுறை பாருங்கள். அடுத்த ஞாயிறு பையன் வந்தால், யாராவது அவன் உயரத்துக்குக் குனிந்து, "நீ சொன்னதும் வேதத்தில் இருக்கிறது தம்பி, நாங்கள்தான் கவனிக்கவில்லை" என்று சொல்லுங்கள். மைக் வேண்டாம்.