கண்ணி நாலு, செமஸ்டரும் நாலு

எந்தப் படத்தைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு வருஷ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புக்கு "பக்கா பிளான்"னு மூணு நாளா எல்லார் டைம்லைன்லயும் தொங்குதே, கலர் கலரா கட்டம் போட்டு, அதேதான். முதல் செமஸ்டர்ல மெஷின் லேர்னிங். நாலாவது செமஸ்டர்ல, கடைசிக் கட்டத்துல, சாம்பல் நிறத்துல டிஸ்கிரீட் மேத்ஸ், அதாவது தர்க்கம், கணங்கள், நிரூபணம் சொல்லித் தர்ற கணக்கு. பக்கத்துல "முடிஞ்சா தள்ளிப் போடலாம்"னு குறிப்பு வேற. எங்கய்யா தள்ளுறது? அதுக்கப்புறம் செமஸ்டரே கிடையாதே.

அங்க ரெண்டே வரிதான் எழுதினேன். புரோகிராமிங் ஒண்ணு, புரோகிராமிங் ரெண்டு, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அப்புறம் அல்காரிதம்ஸ், ஒண்ணை முடிச்சாத்தான் அடுத்ததை எடுக்க முடியிற சங்கிலி. கண்ணி நாலு, செமஸ்டரும் நாலு, நடுவுல மூச்சு விட இடமில்லன்னு. "வயித்தெரிச்சல்"னு பதில் வந்துச்சு. அந்த பதிலுக்கு ஹார்ட்டின் மழை. இருக்கட்டும்.

பொறுமையாவே சொல்றேன். நாலு வருஷப் படிப்புல ஒரு பாடம் போச்சுன்னா அடுத்த வருஷம் பிடிச்சுக்கலாம். இங்க அந்த அடுத்த வருஷம்தான் கடைசி வருஷம். அதுலயும் பல துறைகள்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். புரோகிராமிங் ரெண்டுல ஒருத்தர் ஃபெயிலானா அவருக்குப் போறது ஆறு மாசம் இல்ல, முழுசா ஒரு வருஷம். அதனாலதான் பிளானைப் பின்னாலேர்ந்து போடணும்கிறேன். நாலாவது செமஸ்டர்ல என்ன வேணும்னு முதல்ல எழுதுங்க. அதுக்கு முன்னாடி எது முடிஞ்சிருக்கணும், அதுக்கும் முன்னாடி எதுன்னு அம்புக்குறி போட்டுக்கிட்டே வாங்க. முதல் செமஸ்டர் தானா நிரம்பும். டேட்டாபேஸ், வெப் மாதிரி பாடங்களை, புரோகிராமிங் ஒண்ணு முடிஞ்சிருந்தா, இடம் இருக்கிற பக்கம் செருகிக்கலாம். சங்கிலியில இருக்கிறதை மட்டும் தொடாதீங்க. கண்ணி நாலு, செமஸ்டரும் நாலு.

டிஸ்கிரீட் முதல் செமஸ்டர்லயே வரணும். போனாப் போகுதுன்னா ரெண்டாவது. ஏன்னு கேட்டா, மெர்ஜ் சார்ட்டையே எடுத்துக்கோங்க, எண்களைப் பாதி பாதியா உடைச்சு, வரிசையாச் சேர்க்கிற முறை. 16 எண்ணை 8, 4, 2, 1ன்னு பாதி பாதியா உடைச்சா நாலு அடுக்கு. சேர்க்கும்போது அடுக்குக்கு 16 நகர்வு, ஆக 64. 1024 எண்ணுன்னா பத்தே அடுக்கு. அந்தப் பத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாதவங்களுக்கு ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுறது) வெறும் மந்திரம், மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பாங்க. இது என் கண்டுபிடிப்பும் இல்ல. 1968ல ஏசிஎம்ங்கிற கம்ப்யூட்டர் துறை அறிஞர்கள் சங்கம் வெளியிட்ட பாடத்திட்டப் பரிந்துரையிலேயே டிஸ்கிரீட் ஸ்ட்ரக்சர்ஸ் அடிப்படைப் பாடங்கள்ல ஒண்ணு. ஏசிஎம்முக்கும் வயித்தெரிச்சல் போல.

"வேலைக்குப் போறவனுக்கு இண்டக்‌ஷன் எதுக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். முதல் படி சரி, ஒரு படி சரின்னா அடுத்ததும் சரின்னு காட்டி நிரூபிக்கிற முறை அது, டிஸ்கிரீட்லதான் வரும். சி மொழியில லிங்க்டு லிஸ்ட்டை அழிக்கச் சொல்லிப் பாருங்க. ஒவ்வொரு நோடும் தன் மதிப்போட அடுத்த நோடோட முகவரியையும் (நெக்ஸ்ட்) வெச்சிருக்கிற பட்டியல் அது. நோடோட மெமரியை ஃப்ரீ பண்ணிட்டு (விடுவிச்சிட்டு), அடுத்த வரியில அதே நோடோட நெக்ஸ்ட்டைப் படிப்பாங்க. லேப்ல ஓடிடும். ஏன்னா விடுவிச்ச மெமரியில பழைய மதிப்பு அழியாமக் கிடக்கலாம். அதையே நம்பி சமர்ப்பிச்சா, பெரிய இன்புட்ல செக்மென்டேஷன் ஃபால்ட் வந்து புரோகிராம் பாதியில நின்னுடலாம். அடுத்த முகவரியை முதல்ல எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் ஃப்ரீ பண்ணணும், அவ்வளவுதான். ஆனா ஒவ்வொரு சுத்து ஆரம்பிக்கும்போதும் எது உண்மையா இருந்தாகணும்னு யோசிக்கிற பழக்கம் இருந்தாத்தான் அது கண்ணுல படும். அதுக்கு லூப் இன்வேரியன்ட்னு பேரு. அதை நிரூபிக்கிறது இண்டக்‌ஷனை வெச்சுத்தான் சார்.

"யூடியூப்ல கத்துக்கலாமே"ங்கிறவங்களுக்கு ஒரு வரி. கத்துக்கோங்க, ஆனா ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணும்போது முன்பாடம் முடிக்கலன்னு சிஸ்டம் தடுக்கிறப்போ அது யூடியூபைப் பார்க்காது.

"முதல் செமஸ்டர்லயே கணக்குன்னா ஆர்வம் போயிடும்." இதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்கு மருந்து புரோகிராமிங் ஒண்ணுலயே ஒரு குட்டி கேம் பண்ண வைக்கிறது. மெஷின் லேர்னிங்கைத் தூக்கி முன்னால வைக்கிறது இல்ல. மெஷின் லேர்னிங்ல, தப்பின் அளவை (லாஸ்) படிப்படியாக் குறைக்கிற முறைக்கு கிரேடியன்ட் டிசென்ட்னு பேரு. டெரிவேட்டிவ் தெரியாம அதை ஓட்டினா என்ன ஆகும்? ஒவ்வொரு படியும் எவ்வளவு பெருசுங்கிற லேர்னிங் ரேட்டைப் பெருசா வெச்சிருப்பாங்க, லாஸ் ஏறிக்கிட்டே போய் கடைசியில எண்ணுக்குப் பதிலா "எண் இல்லை"ன்னு (NaN) நிக்கும். எதை மாத்தணும்னு தெரியாம வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆர்வம் அப்போ போகாதா? லீனியர் ஆல்ஜீப்ராவும் ப்ராபபிலிட்டியும் ரெண்டாவது, மூணாவதுல முடிஞ்சிருந்தா நாலாவதுல மெஷின் லேர்னிங் தாராளமா எடுக்கலாம். வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?

அந்தப் படத்தோட மூணாவது செமஸ்டரை யாராவது கவனிச்சீங்களா? டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், நெட்வொர்க்ஸ், ஆப் டெவலப்மென்ட். நாலும் லேப். வகுப்புல ஒரு மணி நேரம்னா வெளியில ரெண்டு மணி நேரம்னு கணக்கு வெச்சா, வாரம் 15 மணி நேர வகுப்புக்கு மொத்தம் 45 மணி நேரம். லேப் பாடத்துல அந்தக் கணக்கும் நிக்காது. ஒரு பக் ராத்திரி முழுக்க முழுங்கும், எந்த ராத்திரின்னு முன்கூட்டித் தெரியாது. ரெண்டு லேப், ஒரு கணக்கு, ஒரு எழுத்துப் பாடம், இதுக்கு மேல ஏத்தாதீங்க. போதாக்குறைக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முடிச்சவங்களைத்தான் பல இடங்கள்ல ஆபரேட்டிங் சிஸ்டம்ஸுக்கே விடுவாங்க. ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டவருக்கு இது தெரியல. பகிர்ந்த பெரிய மனுஷங்க பாதிப் பேர் பாடம் நடத்துறவங்க, அவங்களுக்குமா தெரியாது? கலர் நல்லா இருக்குன்னு பகிர்ந்துட்டீங்களா? அடுத்த வருஷம் எந்தப் பாடம் எந்த செமஸ்டர்ல நடக்கும்னு ஒரு பட்டியலை நேரத்தோட வெளியிட முடியாத துறைகள், இந்தப் படத்துக்கு மட்டும் லைக் போட ஓடி வருது.

வரைஞ்சவர்கிட்ட எனக்குக் கோபம் இல்ல. மெஷின் லேர்னிங், டிஸ்கிரீட் ரெண்டு கட்டத்தையும் இடம் மாத்தி, மூணாவதுலேர்ந்து ஆபரேட்டிங் சிஸ்டம்ஸை நாலாவதுக்கு நகர்த்தினா நானே பகிர்றேன். என்ன, என்னை பிளாக் பண்ணிட்டார். திருத்தினா யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க.