ஹிரோஷிகேயோடு முடிந்துவிடவில்லை
‘ஹிரோஷிகேயோடு ஜப்பானிய மர அச்சு ஓவியம் முடிந்தது, அப்புறம் வந்ததெல்லாம் நகல்தான்’ என்கிறது இங்கே வந்த கட்டுரை. ஹிரோஷிகே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர். ஜப்பானிய மர அச்சுக் கலைஞர் இவாமி ரெய்கா என்ற பெண்மணி 2020 வரை இருந்தாரே! முதலில் பொம்மை செய்யக் கற்றவர். 1956-இல் பெண் அச்சுக் கலைஞர்களுக்கென்று சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். கரை ஒதுங்கிய கட்டைக்கு மை தடவி, அதன் ரேகைகளையே அலையாக்கிவிடுவார். கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் தங்க ரேக்கு, பல படங்களில் அவ்வளவுதான் நிறம். ஹிரோஷிகே வரைந்ததைச் செதுக்கவும் அச்சிடவும் வேறு ஆட்கள் இருந்தார்கள். இவாமியோ வரைவது, செதுக்குவது, அச்சிடுவது மூன்றையும் தானே செய்தார். மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் இவர் படங்களைப் பற்றி ‘பாதித் தாள் காலியாகக் கிடக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். அங்கே பெரும்பாலும் மையில்லாமல் அழுத்தி எடுத்த புடைப்பு இருக்கும், செல்போன் திரையில் பிடிபடாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கிடைத்தால் பாருங்கள், தாள் மேடும் பள்ளமுமாகத் தெரியும்.