அடிக்கக் கூடாத பட்டறைக்கல்

பட்டறைக்கல்லின் மேல், அதாவது கொல்லர் சுட்ட இரும்பை வைத்து அடிக்கிற கனமான எஃகுக் கட்டையின் மேல், சுத்தியலால் அடித்தது தவறாம். அதனால் பணத்தைத் திருப்பித் தர முடியாதாம். இன்று காலை விற்றவர்கள் தரப்பிலிருந்து பேசியவர், குரலில் கொஞ்சம்கூடத் தடுமாற்றம் இல்லாமல் இதைச் சொன்னார். போனை வைத்து இவ்வளவு நேரம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

கொல்லு வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கியவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்கள். ஆனால் அடிப்பதற்காகவே செய்த ஒரு பொருளை அடித்தது குற்றம் என்று யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அதையும் கேட்டாயிற்று.

கல்லை வாங்கியது என் அக்கா மகன். பெட்டியின் மேல் ‘உறுதியான எஃகு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு படம்: தோல் மேலங்கி போட்ட ஒருவர், பழுக்கச் சுட்ட இரும்பை அதே கல்லின் மேல் வைத்துப் பொறி பறக்க அடிக்கிறார். பையனும் அதைத்தான் செய்தான். ஒரு கம்பியை ஆரஞ்சு நிறம் வரும்வரை சுட்டான், கல்லின் மேல் வைத்து நிதானமாக அடித்தான். ஒரு அடி கம்பியில் படாமல் விளிம்பில் விழுந்தது. பழகுகிறவன் கை தவறத்தான் செய்யும். நல்ல கல்லாக இருந்தால் கொஞ்சம் தழும்பு விழுந்திருக்கும், அவ்வளவுதான். இதில் விளிம்பு பெரிய சில்லாகப் பெயர்ந்து அவன் காதோரம் பறந்தது. கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தான். போடாமல் இருந்து, அது கண் பக்கம் வந்திருந்தால்? இதை நினைத்தால்தான் எனக்குக் கொதிக்கிறது.

போன் செய்தேன்.

“சார், அதுமேல எதை வச்சு அடிச்சீங்க?”

“சுத்தியல்.”

“எத்தனை கிலோ சார்?”

“ஒரு கிலோ.”

“அதான் சார். வெயிட் ஜாஸ்தி.”

ஒரு கிலோ! புதிதாகத் தொடங்குகிறவர் கைக்கு 800 கிராமிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை என்று எல்லாரும் சொல்கிற அதே சுத்தியல். சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போய் யாரும் அடிக்கவில்லை. அப்படி அடித்தாலும் தாங்குவதற்குத்தான் பட்டறைக்கல் என்று பெயர்.

“அப்போ எதால அடிக்கணும்?”

“லைட்டா தட்டலாம் சார்.”

“எதைத் தட்டலாம்?”

“அலுமினியத் தகடு, செம்புக் கம்பி, இந்த மாதிரி.”

“பெட்டி மேல இருக்கிறவர் செக்கச்செவேல்னு இரும்பை வச்சு அடிக்கிறாரே?”

“அது சும்மா மாதிரிக்குப் போட்ட படம் சார்.”

மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். அவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது எஃகுதான் சார், வார்ப்பு எஃகு” என்றார். வார்ப்பு எஃகு என்றால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நல்ல பட்டறைக்கற்கள் எத்தனையோ எஃகை வார்த்துச் செய்தவைதான். வார்த்ததில் குற்றமில்லை, வார்த்தது எஃகா, அடித்தால் நொறுங்கும் வார்ப்பிரும்பா என்பதுதான் கேள்வி. பேரிங்கில் இருக்கும் எஃகுக் குண்டு ஒன்றை 25 செ.மீ. உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தேன் என்று சொன்னேன். நல்ல எஃகு முகமாக இருந்தால் குண்டு 18, 20 செ.மீ. மேலே துள்ளி வரும். இதில் பாதிகூட எழவில்லை, விழுந்த இடத்தில் குழி வேறு. வீடியோவே எடுத்து அனுப்பினேன்.

பார்த்தார். “குண்டுல ஏதாவது பிரச்சினை இருக்கும் சார்.”

நான் உடைந்த இடத்தின் படத்தை அனுப்பினேன். சாம்பல் நிறத்தில், சொரசொரவென்று, பச்சையாக வார்ப்பிரும்பு என்று காட்டிக்கொடுக்கிற முறிவு. அதற்குப் பதிலே இல்லை. தட்டினால் ‘தொப்’பென்று செத்த சத்தம்தான் வருகிறது என்றேன். உடனே அவர் குரலில் ஒரு உற்சாகம். “அது நல்லதுதானே சார், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இருக்காது.”

இந்தப் பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஃபிஷர் என்ற பெயரில் வார்ப்பிரும்பு உடலில் பட்டறைக்கல் செய்தார்கள். அவை கணீரென்று ஒலிக்காது, அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். ஆனால் அந்தக் கல்லின் முகத்தில் எஃகுத் தகடு உண்டு. இரும்பை வார்க்கும்போதே அந்தத் தகடு உடலோடு ஒட்டிப் பிடிக்கும்படி செய்திருந்தார்கள். அடி விழுவது எஃகின் மேல். இவர்கள் விற்றதில் மேலிருந்து கீழ்வரை வார்ப்பிரும்பு, மேலே ஒரு பூச்சு பெயின்ட். அந்தக் கல்லையும் இதையும் ஒரே வாயால் எப்படிச் சொல்ல முடிகிறது?

கடைசியில் அவர் தீர்ப்புச் சொன்னார். “கல்லுல அடிச்ச தடம் இருக்கு சார். பயன்படுத்தாம அனுப்பியிருந்தா எடுத்திருப்போம்.”

அடித்துப் பார்க்காமல் அது கல்லா களிமண்ணா என்று எப்படித் தெரியும்? அடித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். அடிக்காதவரை குறை தெரியாது. இப்படித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. வாங்குகிறவன் புதியவன், அவனுக்குத் தெரியாது என்ற ஒரே நம்பிக்கையில் நடக்கிறது. அனுபவமுள்ள கொல்லர் யாரும் இதைத் தொடக்கூட மாட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்க முடியாது என்று தெரிந்துதான் இவர்கள் புதியவர்களைத் தேடிப் போகிறார்கள்.

வார்ப்பிரும்பு மேல் எனக்குப் பகை இல்லை. அதில் கரிமம் (கார்பன்) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே பிரிந்து கிடக்கும். அதிர்வை அது விழுங்கிக்கொள்ளும், அதனால்தான் பெரிய இயந்திரங்களின் அடிப்பாகத்துக்கு அதைவிடத் தோதான பொருள் கிடையாது. ஆனால் பட்டறைக்கல் அடியை விழுங்கக் கூடாது, திருப்பித் தர வேண்டும். நம் கை கொடுத்த அடியில் ஒரு பங்கைக் கல் கீழிருந்து மேலே கொடுத்தால்தான் இரும்பு நெளியும். இதில் அடிப்பது மணல் மூட்டையில் குத்துவது போல. தோள் வலிக்கும், கம்பி அப்படியே இருக்கும். அடி ஓங்கினால் அந்தச் செதில்கள் வழியாக விரிசல் ஓடி விளிம்பு தெறிக்கும். பையன் தன் கையில்தான் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று வீட்டில் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பேர் இப்படித் தன்னையே நொந்துகொண்டு விட்டுப் போயிருப்பார்கள்!

சரி, தொடங்குவதற்கு ஒரு பக்கம் கூம்பாக நீளும் கொம்பு வைத்த கல்தான் வேண்டும் என்று யார் சொன்னது? கனமான எஃகுத் துண்டு எதுவாக இருந்தாலும் போதும். பழைய இயந்திரத்தின் தண்டு, கழித்துப் போட்ட தடித்த இரும்புக் கட்டி, எது கிடைக்கிறதோ அது. நீளமான துண்டாக இருந்தால் படுக்கப் போடாமல் செங்குத்தாக நட்டு, நுனியில் அடிக்க வேண்டும். அப்போது முழு எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே நிற்கும். உலைக்கு மண்ணில் ஒரு குழி, காற்றுக்கு ஒரு இரும்புக் குழாய், ஒரு சின்ன ஊதி, மரக்கரி. ஒரு சுத்தியல், ஒரு குறடு. கம்பி நீளமாக இருந்தால் குறடுகூட வேண்டாம். இவ்வளவுதான். இதைச் சொன்னால் யாருக்கும் விற்பனை ஆகாது, அதனால் யாரும் சொல்வதில்லை.

விற்கிறவர்கள் மட்டுமா? வீடியோ போடுகிறவர்கள் மேலும் எனக்கு அதே அளவு கோபம் இருக்கிறது. முதல் நாளே கத்தி. ஏன் கத்தி? கத்திக்குத் தேவை கரிமம் கூடிய எஃகு. சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தம் ஒட்டாமல் போகும் கட்டத்தைத் தாண்டி அதைச் சுட வேண்டும், எண்ணெயில் தோய்க்க வேண்டும், பிறகு 200 டிகிரி சுமாருக்குச் சூடாக்கி, நொறுங்காதபடி பதம் இறக்க வேண்டும். ஒரு படி பிசகினால் விரிசல், இல்லாவிட்டால் வெண்ணெயைக்கூட வெட்டாத தகடு. இன்னும் சுத்தியலை நேராகப் போடத் தெரியாதவனிடம் இதைக் கொடுத்தால் அவன் என்ன கற்றுக்கொள்வான்? ஒரு கொக்கியில் எல்லாம் இருக்கிறது. முனையை நீட்டிக் கூராக்குவது, வளைப்பது, முறுக்குவது, நிறம் மங்கினால் அடிப்பதை நிறுத்தி மறுபடி உலையில் வைப்பது. சாதாரணக் கம்பிக்கு ஆரஞ்சும் மஞ்சளும்தான் அடிக்கிற நிறம், 1000 முதல் 1200 டிகிரி. வீடியோக்காரர் மங்கிய சிவப்பில் மளமளவென்று அடித்துக்கொண்டிருக்கிறார். பார்க்கிறவர்கள் அதையே செய்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை, ஒருவர் நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயை அப்படியே உலைக்குள் வைத்துக் காட்டுகிறார். ஒரு எச்சரிக்கை இல்லை. நாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெள்ளைப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து படுக்கையில் தள்ளும். அதே ஆள் இரண்டு பக்கமும் அடைத்த குழாயையும் சுட்டிருப்பார், யார் கண்டது. உள்ளே அடைபட்ட காற்று சூடாகிக் குழாயே வெடித்தால் யார் பொறுப்பு? கீழே கருத்து எழுதிக் கேட்டேன். அழித்துவிட்டார்.

பையன் விடவில்லை. அதுதான் எனக்கு ஆறுதல். கழிவு இரும்பிலிருந்து ஒரு பருத்த தண்டுத் துண்டைத் தேடிப் பிடித்து, மரக்கட்டையில் குழி வெட்டி நட்டு வைத்திருக்கிறான். அதில் அடித்தால் சுத்தியல் துள்ளுகிறது. முதல் கொக்கி கொஞ்சம் கோணல்தான், ஆனால் அவன் எடையையே தாங்குகிறது. தொங்கிக் காட்டினான். அந்த வார்ப்பிரும்புக் கல்லைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிறது.

அப்புறம், இதையும் சொல்லிவிடுகிறேன். என் ஒரு கிலோ சுத்தியலை இரவல் வாங்கிப் போனவர் அதை வைத்துக் காங்கிரீட் உடைத்திருக்கிறார். அதன் முகத்தை லேசாகக் குவித்து, விளிம்பை மழுக்கி, பளபளவென்று தேய்த்து வைத்திருந்தேன். ஏனென்றால் அதில் ஒரு பள்ளம் விழுந்தாலும் சுட்ட இரும்பில் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பள்ளம் அப்படியே பதியும். இப்போது முகம் முழுக்கக் குழி, பிடி ஆடுகிறது. ராத்திரியில் வந்து சொல்லாமல் திண்ணையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு வந்து அதைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.