மன்றோவின் குதிரைக்குச் சேணம் இல்லை

சென்ற வாரம் விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அக்கா மகளை அழைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சென்னையின் சிலைகளைப் பார்க்கக் கிளம்பினேன். எங்கே போகிறோம் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் பல ஆண்டுகளாக வாழ்பவர்களுக்குச் சிலை என்பது பார்ப்பதற்குரிய பொருள் அன்று. கண்ணகி சிலையும் உழைப்பாளர் சிலையும் பேருந்து நிறுத்தங்கள்; மற்றவை ஆட்டோ ஓட்டுநருக்கு வழி சொல்லப் பயன்படும் அடையாளங்கள்.

முதலில் தீவுத்திடலை ஒட்டிச் சாலை நடுவே நிற்கும் தாமஸ் மன்றோவிடம் போனோம். ஞாயிறு காலை என்பதால்தான் சாலையைக் கடக்கவே முடிந்தது. உயர்ந்த பீடத்தின் மேல் குதிரையும், அதன்மீது நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மனிதரும் வெண்கலத்தில் இருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்த பிள்ளை சற்று நேரத்தில், "மாமா, கால் வைக்கிற வளையத்தைக் காணோமே" என்றாள். அந்தக் குதிரைக்கு அங்கவடி மட்டுமன்று, சேணமும் இல்லை. சிற்பி அங்கவடியை வைக்க மறந்துவிட்டார், சிலை கப்பலேறிய பிறகு அதை உணர்ந்து மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்றொரு கதையைச் சென்னையில் வளர்ந்த யாரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நான் என் அப்பாவிடம் கேட்டேன்.

கதை சுவையானது, ஆனால் உண்மையில்லை. இதைச் செய்தவர் பிரான்சிஸ் சாண்ட்ரி என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயச் சிற்பி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையும் அவருடைய படைப்புதான். அந்தக் குதிரைக்கும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. லண்டனில் ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற பழைய வணிகக் கூடத்தின் முன்னால் அவர் வடிவமைத்த வெலிங்டன் பிரபுவும் அங்கவடியின்றியே அமர்ந்திருக்கிறார். ஒருவர் ஒருமுறை மறக்கலாம், மூன்று முறையும் அதையே மறப்பாரா? பண்டைய ரோமானியர்களுக்கு அங்கவடி என்ற பொருளே தெரியாது. அவர்களுடைய குதிரைச் சிலைகளின் மரபைப் பின்பற்றி, உறுத்தலான தோல் பட்டைகளைத் தவிர்த்து, குதிரையின் உடலை முழுதாகக் காட்ட விரும்பிய கலைஞரின் முடிவு அது என்றுதான் கொள்ள வேண்டும். மன்றோ சிலை சென்னையில் திறக்கப்பட்ட ஆண்டு 1839. சாண்ட்ரி அதற்குப் பிறகும் வாழ்ந்து 1841இல்தான் இறந்தார்.

இந்த ஊரின் சிலைகளைப் பற்றி எனக்குள்ள மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. உண்மையைச் சொல்லும் நான்கு வரிகள், வழிப்போக்கரின் கண்ணில் படும் இடத்தில் தமிழில் எழுதப்பட்டிருந்தால், பொய்க்கதை இத்தனை தலைமுறை வாழ்ந்திருக்காது. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் மன்றோ என்பதும், அதற்கு முன்பே பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில், நிலவரிப் பணி பார்த்தவர் என்பதும், உழவரிடமே நேரடியாக வரி தண்டும் ரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்தவர் என்பதும், 1827இல் கர்னூல் பக்கம் பத்திகொண்டாவில் காலராவுக்கு இரையானவர் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் பட்டா வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த மனிதரோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது. நமக்குத் தெரிந்ததோ அங்கவடி மட்டும்.

அடுத்து மெரினா. உழைப்பாளர் சிலையை நான் ஆயிரம் முறை கடந்திருப்பேன். அருகில் நின்று பார்த்தது அன்றுதான். நான்கு ஆண்கள் ஒரு பெரும்பாறையை நெம்புகிறார்கள். இடுப்பில் சிறு துணியைத் தவிர உடலில் வேறொன்றும் இல்லை. விலா எலும்புகள் தெரிகின்றன. முதுகுத் தசை முறுக்கிக்கொண்டிருக்கிறது. தரையில் ஊன்றிய கால்களில் உடலின் முழுப் பாரமும் இறங்கியிருக்கிறது. பாறை இன்னும் நகரவில்லை. பேருந்தின் சன்னல் வழியே பார்க்கும்போது கம்பீரமாகத் தோன்றும் அந்தச் சிலை, பத்தடித் தொலைவில் மூச்சுத் திணறலாகத் தோன்றுகிறது. தலைவர்களின் சிலைகள் நிறைந்த அந்தச் சாலையில் பெயரில்லாத நால்வர் நிற்பதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர், சென்னை ஓவியக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். சிலை வைக்கப்பட்டது 1959இல். அதே கடற்கரையில் நடந்துசெல்லும் காந்தியும் அவர் கைவண்ணமே. பாட்னாவில் 1942 போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மாணவர்களுக்கான நினைவுச்சின்னத்தையும் அவரே வடித்தார். ஆனால் நம்மூரில் சிலைகளின் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். திறந்துவைத்தவர் யார், தலைமை தாங்கியவர் யார், முன்னிலை வகித்தவர் யார் என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும்; சிலையாக நிற்பவரைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம்; செய்தவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயரை விட்டுவிட்டு வாழ்த்துரை வழங்குவோர் பட்டியலை மட்டும் அச்சடித்தால் எப்படி இருக்கும்?

யார், எவர் என்பதோடு சிலையின் சொந்தக் கதையும் பீடத்தில் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. கண்ணகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் நிறுவப்பட்ட சிலைகளில் ஒன்று அது. 2001 டிசம்பரில், லாரி மோதிப் பீடம் சேதமடைந்ததாகக் காரணம் சொல்லப்பட்டு அகற்றப்பட்டது. தமிழகம் முழுவதும் பெரும் சர்ச்சை எழுந்தது. ஆட்சி மாறிய பின் 2006 ஜூனில் மறுபடி கடற்கரைக்கு வந்தது. இதைச் சொன்னபோது அக்கா மகள் நம்பவே இல்லை. அவள் பிறப்பதற்கு முன் நடந்தது என்பதால் மட்டும் இல்லை, அங்கே நிற்கும் கண்ணகியைப் பார்த்தால் ஒருநாள்கூட இடம்விட்டு அசைந்தவளாகத் தெரியவில்லை. நீதி கேட்ட பெண்ணின் சிலை ஊரைவிட்டு மறைந்து திரும்பியது சிலப்பதிகாரத்துக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு தனிக் காதை. அதை மறைப்பதால் எந்தக் கட்சிக்கும் நன்மையில்லை.

சிலையை அகற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1857இல் வடக்கே ஈவிரக்கமின்றிப் பலரைக் கொன்றுகுவித்த கர்னல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் கம்பீரமாக நின்றது. 1927இல் தொண்டர்கள் அதை எதிர்த்துப் போராடிச் சிறைக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜியின் அமைச்சரவை அதை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. சரியான முடிவு. அது உடைக்கப்படாமல் பாதுகாக்கப்பட்டதும் சரியே. ஆனால் அது நின்ற இடத்தில், போராடியவர்களின் நினைவாக நடைபாதையில் ஒரு கல்லாவது பதித்திருக்கலாம். 2017இல் போக்குவரத்துக்கு இடையூறு என்று நீதிமன்ற உத்தரவின்படி காமராசர் சாலையிலிருந்து எடுக்கப்பட்ட சிவாஜி கணேசன் சிலை இப்போது அடையாற்றில் அவருடைய மணிமண்டபத்தில் இருக்கிறது. அந்தச் சந்திப்பில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சிலைக்கு அருகில் செல்ல வழியும் வேண்டும். பிறந்தநாளன்று படிக்கட்டு, மாலை, ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிடுகின்றன; மற்ற நாட்களில் கம்பி வேலி. பல ஊர்களில் அம்பேத்கரைக் கூண்டுக்குள் நிறுத்தியிருக்கிறோம். யாரிடமிருந்து காப்பாற்ற அந்தக் கூண்டு என்பதை வெளியூரிலிருந்து வருபவரிடம் வாய்விட்டுச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. அன்று காலை மெரினாவிலும், ஒரு சிலையின் அருகில் ஐந்து நிமிடம் நின்றதற்கே காவலர் ஒருவர் வந்து, "என்ன சார், என்ன விஷயம்?" என்று கேட்டார். சிலையைப் பார்க்கிறோம் என்றேன். அவர் அந்தப் பதிலை நம்பியதாகத் தெரியவில்லை.

பார்க்க நினைத்து அன்று நேரமில்லாமல் விட்டது, கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிசின் சிலை. 1800இல் சென்னைக்கு வந்த அதன் பீடத்தில், 1792 உடன்படிக்கையையொட்டி திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. வென்றவர்கள் பெருமையாகச் செதுக்கியது. இன்று பார்க்கும் நமக்கு அந்தச் சிறுவர்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். அது பல இடம் மாறி இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேனாம்பேட்டையில் கார்ன்வாலிசுக்கு எழுப்பிய நினைவு மண்டபத்தால் பெயர்பெற்ற செனடாப் ரோடு மட்டும், மண்டபம் இல்லாமலே, அங்கேயே இருக்கிறது.

அடுத்த விடுமுறைக்கு அவள் வரும்போது கோட்டைக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போவதாகத் திட்டம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் அன்றுதான் விடுமுறை.