புதுக் கார்டு, பழைய திக்கல்

கல்லடியில் இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கேமைத் திறந்தால் பழையபடி 40 எஃப்பிஎஸ் (நொடிக்கு 40 படம்), திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். மட்டக்களப்பு வெக்கையோ என்று கேஸைத் திறந்து மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். அசைவில்லை. மூன்றாம் இரவு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் கார்டு பாதிகூட உழைக்கவில்லை. பிராசசர் மட்டும் 100 வீதத்தில் திணறுகிறது. ரேம் மெதுவாக இருந்தாலும் பிராசசர் திணறுமே என்று கேஸுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு ரேமும் அடுத்தடுத்த துளையில்! நாலு துளை மதர்போர்டில் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்றாக, அதுவும் 2, 4இல் போட்டால்தான் நல்லது; அப்போதுதான் இரட்டைச் சானல், அதாவது இரண்டு ரேமுக்கும் தனித்தனி வழி, கிடைக்கும். பூட்டித் தந்த கடைக்காரர் மதர்போர்டுக் கையேட்டை ஒரு நிமிடம் புரட்டியிருக்கக் கூடாதா? ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பையும் போடவில்லை. சரி, எல்லாம் நானே மாற்றினேன், இப்போது 55 எஃப்பிஎஸ். கடையில் போய்க் கேட்டால், "ஓடுதுதானே தம்பி" என்கிறார்.