14 விடைத்தாள்களில் ஒரே பிழை

ரௌலட் சட்டம் வந்தது 1991-இல். நான் சொல்லவில்லை, கொரோனாவால் வீட்டிலிருந்தபடியே எழுதிய கல்லூரித் தேர்வில் என் இறுதியாண்டு மாணவர்கள் 14 பேர் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் அது; 1919-ஐ யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் மாற்றி அடித்துவிட்டார். மற்ற 13 பேரும் அதை அப்படியே ஏ4 தாளில் எழுதி, போட்டோ எடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டார்கள்.

இதைப் போன பதிவில் சொன்னதற்குத்தான் இத்தனை வசவு. "பிள்ளைகள் வயிற்றில் அடிக்காதீர்கள் மேடம்" என்று என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியரே எழுதியிருக்கிறார். அவருக்கு வந்த இரக்கத்தில் பாதியாவது நேர்மையாக எழுதியவர்கள் மேல் வந்திருக்கக் கூடாதா?

சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரிலிருந்து வரும் ஒரு மாணவி. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், தம்பிக்கும் அதில்தான் வகுப்பு. மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் கேட்டவள். தேர்வன்று டேட்டா தீர்ந்துபோய், பக்கத்து வீட்டுக்காரரின் ஹாட்ஸ்பாட்டைக் கேட்டு வாங்கி விடைத்தாளை அனுப்பினாள். 1919 என்று சரியாக எழுதியிருந்தாள். மொத்தத்தில் அவளுக்கு 54. அந்த 14 பேரில் யாரும் 75-க்குக் கீழே இல்லை. தவறான ஆண்டுக்கு ஒரு மதிப்பெண்தானே குறைக்க முடியும். "மேடம், நானும் அந்தக் குழுவில் சேர்ந்திருக்க வேண்டுமோ?" என்று போனில் கேட்டாள். வயிற்றில் அடிபட்டவள் இவள்.

இணைய வசதியில்லாத ஏழைப் பிள்ளைகளை வதைக்கிறேனாம். ஐயா, வசதியில்லாதவள் யார் என்று மேலே எழுதியிருக்கிறேன். தேர்வு நடக்கும்போதே விடைகளைப் படம் படமாக அனுப்பிக்கொள்ள, தடையில்லாத இணையம் வேண்டும்.

மனப்பாடக் கேள்விகளை வீட்டுக்கு அனுப்பினால் பார்த்துத்தான் எழுதுவார்கள் என்கிறார்கள். நியாயம். கேள்வித்தாளை மாற்றச் சொல்லி நானும் துறையில் கேட்டேன், நடக்கவில்லை. சரி, கேமரா வைத்துக் கண்காணிக்கலாமா என்றால், அதுவும் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவைக் காவல் வைத்துத் தேர்வு நடத்தியது. பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டு, புகார்கள் குவிந்து, கடைசியில் மறுதேர்வு வைக்க வேண்டியதாயிற்று. நான் கேட்பது காவல் அல்ல. நடந்தது தவறு என்று பெரியவர்கள் ஒருவராவது வாய்திறந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"கொரோனா காலத்தில் கொஞ்சம் மனிதாபிமானம் வேண்டாமா?" இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. மே மாதம் என் அண்ணனைப் பறிகொடுத்தேன். காரியம் முடிந்த மறுநாள் கூகுள் மீட்டில் வகுப்பெடுத்தேன். திரையில் 60 பெயர்கள், ஒரு முகம்கூட இல்லை. "நான் பேசுவது கேட்கிறதா?" என்று மூன்று முறை கேட்டேன். "கேட்கிறது மேடம்" என்று ஒரே ஒரு குரல் வந்தது. அந்த மாடிப்படிக் குரல்தான். மனிதாபிமானத்தை எனக்குக் கற்றுத்தர வருகிறவர்கள் அன்று எங்கே இருந்தீர்கள்?

2021 ஆகஸ்ட் தொடக்கத்தில் மதுரையில் ஒரு வங்கியின் வேலை விளம்பரம் வந்ததே, 2021-இல் முடித்தவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று? அச்சுப்பிழை என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் அதைப் படித்துவிட்டு "சரிதானே, வீட்டில் பார்த்து எழுதியவர்கள்தானே" என்று சிரித்தவர்களை என் தெருவிலேயே பார்த்தேன். அந்தச் சிரிப்பு அவளையும் சேர்த்துத்தான். 54 வாங்கியவளும் அதே ஆண்டில் முடித்தவள்தானே.

திங்கட்கிழமை 14 தாள்களையும் துறைத் தலைவரிடம் கொடுக்கப் போகிறேன். யாருக்கும் பூஜ்யம் போடச் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் அழைத்து, எழுதியதைப் பற்றிப் பத்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். அவர்களும் என் பிள்ளைகள்தான். உள்பெட்டியில் அவர்களுடைய பெயர்களைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.