வீல்சேர் போட்டாச்சு, சரி. எந்த வீல்சேர்?

"அம்மாவுக்கு விமான டிக்கெட்டோட வீல்சேர் போட்டுட்டேன்" என்பார் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை. எந்த வகை என்று கேட்டால் முழிப்பார். பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வீல்சேர் உதவி கேட்க விமான நிறுவனங்களிடம் மூன்று குறியீடுகள் உண்டு. டபிள்யூசிஎச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படி ஏற முடியாது, விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பார். டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கையிலேயே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அதற்கென்று நடைபாதைக்குள் நுழையும் ஒடுக்கமான நாற்காலி வரும். பலரும் யோசிக்காமல் முதலாவதைத் தட்டிவிடுகிறார்கள். ஏரோபிரிட்ஜ், அதாவது நிலையத்திலிருந்து நேராக விமானக் கதவுக்குப் போகும் கூண்டுப்பாலம், கிடைத்தால் பிழைத்தோம். விமானம் தள்ளி நின்று, பஸ்ஸில் போய் ஏணிப்படி ஏற வேண்டி வந்தால், மூட்டு தேய்ந்தவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வீல்சேரோடு ஆளைக் கதவு உயரத்துக்குத் தூக்கும் ஆம்புலிஃப்ட் வண்டியை அந்த நேரத்தில் தேடினால் உடனே வராது. "கொஞ்சம் நடப்பாங்க" என்று கௌரவத்துக்குச் சொல்லாதீர்கள். கைப்பிடியைப் பிடித்தாவது இருபது படி ஏறுவாரா? இல்லையென்றால் டபிள்யூசிஎச்எஸ் போடுங்கள்.

இந்தியாவில் விமானம் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு தனி டிக்கெட் என்றால் இரண்டிலும் தனித்தனியாக. உதவி வராவிட்டால் இங்கேயும் அமெரிக்காவிலும் விமான நிறுவனத்தைக் கேளுங்கள்; ஐரோப்பிய ஒன்றியத்தில் அது விமான நிலையத்தின் பொறுப்பு.

வரிசையைத் தாண்டுவதற்காக வீல்சேர் கேட்கும் ஆரோக்கியசாலிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தட்டுப்பாட்டில் அடிபடுவது நிஜமாகவே முடியாதவர்தான். 2024 பிப்ரவரியில் மும்பையில் தம்பதிக்கு ஒரே வீல்சேர் கிடைக்க, மனைவியை உட்கார வைத்துவிட்டு உடன் நடந்த 80 வயதுக்காரர் சரிந்து விழுந்து இறந்தார். விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். தாமதமானால் ஆகட்டும், வீல்சேர் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

சொந்த பேட்டரி வீல்சேர் என்றால் கணக்குப் போடுங்கள்: வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர். கழற்றிக் கேபினுக்குள் எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரி 300 வாட்-அவரைத் தாண்டக்கூடாது. 24 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் என்றால் 288, தேறும். 20 என்றால் 480, தேறாது. விற்கும் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். விமான நிறுவனத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். வீல்சேரின் உயரத்தையும் எடையையும் சொல்லிவிடுங்கள்; போயிங் 737 போன்றவற்றின் சரக்குக் கதவு தாழ்வானது, மடங்காத முதுகுப்பகுதி இடிக்கும்.

மெத்தை, கால்தாங்கி, ஜாய்ஸ்டிக் எல்லாம் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகப் போனால் தொலைந்துவிடும். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ. விமான வாசலிலேயே திரும்பத் தரச்சொல்லி டேக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டிகளோடு பெல்ட்டில் போய்விடும். இறங்கும்போது வீல்சேர்க்காரர்கள்தான் கடைசி. அதனால் அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கேட்டில் கொண்டுபோய் விடும் ஊழியரிடம், அவர் கிளம்பும் முன் கழிப்பறைக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.